ஒருத்தருக்கு மட்டும் வைக்க முடியாத சூப்

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஷ்டுட்கார்ட்லேர்ந்து பேசறேன். இங்க நவம்பர் வந்தாச்சு. சாயந்திரம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடுது. லேப்டாப்பை மூடிட்டு ஆபீஸ்லேர்ந்து வெளிய வந்தா நடுராத்திரி மாதிரி இருக்கு.

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற ஊர்லேர்ந்து வந்துட்டே இருக்கு. பெங்களூர், சென்னை, டப்ளின், சிங்கப்பூர். "தனியா இருக்கேன். சமைக்கத் தெரியும். ஆனா ஒரு ஆளுக்காக அடுப்பு பத்த வைக்கணுமான்னு தோணுது. ஆர்டர் பண்ணிட்டு படுத்துடறேன்." இதுக்கு நிறைய பேர் 'ஒருவருக்கான ரெசிபி'ன்னு வீடியோ போடறாங்க. அரை வெங்காயம், கால் கேரட், அந்த மாதிரி. மீதி அரை வெங்காயம் ஃப்ரிட்ஜ் மூலையில காய்ஞ்சு கெடக்கும். என்னோட பதில் அதுக்கு நேர் எதிர். ஒரு ஆளுக்குன்னு வைக்கவே முடியாத ஒரு சாப்பாட்டை கத்துக்கோங்க. ஒரு பானை வைங்க, நாலு பேருக்கு வரும். அந்த நாலுல ரெண்டு பங்கை யார் சாப்பிடப்போறாங்கங்கறது அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

இன்னிக்கு எபிசோட் அந்தப் பானையைப் பத்திதான். பயறு, காய்கறி, சாசேஜ் போட்டு வைக்கிற ஒரு கெட்டியான ஜெர்மன் சூப்.

இது எந்த மாதிரி சூப்?

நம்ம ஊர்ல சூப்னா சாப்பாட்டுக்கு முன்னாடி வர்றது. ரோட்டோரக் கடையில மிளகுத்தூள் தூவி டம்ளர்ல கொடுக்கற ஆட்டுக்கால் சூப், இல்லன்னா ஹோட்டல்ல பிஞ்சு சோளம் மிதக்கற சூப். குடிச்சு முடிச்சா பசி கிளம்பும். நான் சொல்றது அது இல்ல. இதுதான் சாப்பாடே. கரண்டியை நிறுத்தி வெச்சா சாயாம நிக்கணும்.

ஜெர்மன்ல இதுக்கு ஐன்டொப்ஃப்னு பேர். ஐன்னா ஒண்ணு, டொப்ஃப்னா பானை. ஒத்தப் பானைச் சாப்பாடு. பயறு, காய், கிழங்கு, கறின்னு எல்லாமே ஒரே பாத்திரத்துல வேகும். கிராமத்துல ஒரே ஒரு அடுப்பு எரிஞ்ச காலத்துச் சமையல் இது. ஆனா இந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவினது 1930-கள்லதான். அதுக்குப் பின்னாடி ஒரு கசப்பான கதை இருக்கு.

1933 அக்டோபர்ல நாஜி அரசு 'ஐன்டொப்ஃப் ஞாயிறு'ன்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. குளிர்கால மாசங்கள்ல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டுலயும், ஹோட்டல்லயும் ஒத்தப் பானைச் சாப்பாடுதான். வழக்கமான ஞாயிறு விருந்துக்கு ஆகற செலவுல மிச்சம் பிடிச்ச காசை வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போவாங்க. ஏழைகளுக்கான குளிர்கால நிதின்னு பேரு. கொடுக்காத வீடு எதுன்னு தெரு முழுக்கத் தெரிஞ்சுடும். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறதுங்கற நல்ல விஷயத்தை ஆளைக் கண்காணிக்கற வழியா மாத்திட்டாங்க. ஒரு பானையைச் சுத்தி யாரை உக்கார வைக்கறோம், யாரை வெளிய நிறுத்தறோம்ங்கறது சின்ன விஷயம் இல்லன்னு இதைப் படிச்சப்போ தோணுச்சு. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில இதுக்கு வருவோம்.

பயறுக்குப் பின்னாடி ஒரு ரஷ்யப் பயணம்

ஷ்டுட்கார்ட் இருக்கற இந்தப் பகுதிக்கு ஸ்வாபியான்னு பேர். இங்கத்து ஆளுங்களுக்கு லென்டில்ஸும் சாசேஜும் நமக்கு இட்லி சாம்பார் மாதிரி. பயறு, பக்கத்துல ஷ்பெட்ஸ்லெங்கற முட்டை சேர்த்த மாவுத் துண்டுகள், மேல ரெண்டு மெல்லிசு சாசேஜ். ஆபீஸ் கேன்டீன்லயும் கிடைக்கும், பாட்டி வீட்லயும் கிடைக்கும்.

இங்கேர்ந்து தெற்குப் பக்கம் போனா ஸ்வாபியன் ஆல்ப்னு ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம் இருக்கு. பனிச்சறுக்கு போற ஆல்ப்ஸ் வேற, இது வேற. மண்ணை விட கல்லு ஜாஸ்தி. அந்த மண்ணுல ஒழுங்கா வர்ற சில பயிர்கள்ல லென்டில் ஒண்ணு. ஆனா அது தனியா நிக்காது, கொடி மாதிரி சாஞ்சுடும். அதனால கூடவே பார்லியோ ஓட்ஸோ விதைப்பாங்க. அந்தத் தண்டைப் பிடிச்சுட்டு லென்டில் மேல ஏறும். அறுவடையும் ரெண்டுக்கும் சேர்த்துதான். அப்புறம் உக்காந்து பிரிக்கணும். வேலை ஜாஸ்தி, விளைச்சல் கம்மி. இறக்குமதிப் பயறு மலிவா வந்ததும் இந்த ஊர் விவசாயிங்க விட்டுட்டாங்க. கொஞ்ச வருஷத்துல அந்த ஊர் ரகத்தோட விதையே இல்லாமப் போச்சு.

1980-கள்ல வோல்டெமார் மாமெல்னு ஒரு இயற்கை விவசாயி திரும்ப லென்டில் போட ஆரம்பிச்சார், ஆனா பிரெஞ்சு ரகம். பழைய ஊர் விதையைத் தேடிட்டே இருந்தாங்க. 2006-ல அது கிடைச்சது. எங்கன்னு நினைக்கறீங்க? ரஷ்யாவுல, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருக்கற வவிலோவ் நிறுவனத்தோட விதை வங்கியில.

அந்த விதை வங்கியைப் பத்தி ரெண்டு வரி சொல்லியே ஆகணும். இரண்டாம் உலகப் போர்ல அந்த ஊருக்குப் பேர் லெனின்கிராட். 1941 செப்டம்பர்லேர்ந்து 1944 ஜனவரி வரைக்கும் ஜெர்மன் படை முற்றுகை போட்டு ஊரைப் பட்டினி போட்டது. விதை வங்கி ஊழியர்கள்ல சில பேர் மூட்டை மூட்டையா அரிசியும் பயறும் சுத்தி இருக்க, அதுலேர்ந்து ஒரு பிடி கூட எடுக்காம பசியில செத்துப் போனாங்க. அதை உருவாக்கின நிக்கோலாய் வவிலோவ் 1943-ல ஸ்டாலினோட சிறையில இறந்தார். அறுபது வருஷம் கழிச்சு அதே நிறுவனம் ஒரு ஜெர்மன் கிராமத்துக்கு அதோட பயறைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு கைப்பிடிக்கும் குறைவான விதையிலேர்ந்து பெருக்கி, இப்போ கடையில பாக்கெட்ல கிடைக்குது. ஆல்ப்-லைசான்னு பேர். விலை கொஞ்சம் ஜாஸ்திதான். தினமும் அதை வாங்க முடியாது. சாதா பழுப்பு லென்டில்ஸ் போதும்.

நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்கு: லென்டில்னா ஏதோ வெளிநாட்டுப் பொருள்னு நினைக்காதீங்க. நம்ம மைசூர் பருப்பு இருக்குல்ல, அதேதான். தோலை எடுத்து உடைச்சா ஆரஞ்சு கலர் மைசூர் பருப்பு. தோலோட முழுசா இருந்தா பழுப்பு லென்டில். மளிகைக் கடையில முழு மசூர்னு கேளுங்க. உடைச்ச பருப்பு வேணாம், அது குழைஞ்சு தால் ஆயிடும்.

சாசேஜ் வாங்கும்போது

சாசேஜ் எல்லாம் ஒண்ணு இல்ல. சூப்புக்கு ரெண்டு வகை தெரிஞ்சாப் போதும்.

முதல் வகை, வேகவெச்ச மெல்லிசு சாசேஜ். ஜெர்மனியில வீனர்னு சொல்லுவாங்க, வியன்னாக்காரங்க அதையே ஃப்ராங்ஃபர்ட்டர்னு சொல்லுவாங்க. ரெண்டு ஊரும் அடுத்த ஊர் பேரை வெச்சிருக்கு, பாருங்க! ஸ்வாபியாவுல இதுக்கு ஸைட்டன்னு பேர். ஸைட்டன்னா வாத்தியத்தோட தந்தி. ஆட்டுக்குடல்ல அடைச்சு, தந்தி மாதிரி மெல்லிசா இருக்கும். கறியையும் கொழுப்பையும் ஐஸ் சேர்த்து மாவு மாதிரி அரைப்பாங்க. ஐஸ் எதுக்குன்னா, அரைக்கற சூட்டுல கொழுப்பு உருகிப் பிரிஞ்சிடக் கூடாது. அப்புறம் அடைச்சு, லேசாப் புகை போட்டு, கொதிக்காத சூட்டுல வேகவெப்பாங்க. அதாவது நீங்க வாங்கும்போதே அது வெந்தாச்சு. உங்க வேலை சூடு பண்றது மட்டும்தான். கொதிக்கற சூப்புல போட்டு அரை மணி நேரம் விட்டா தோல் வெடிக்கும், ருசி எல்லாம் வெளிய போயிடும், வாயில ரப்பர் மாதிரி இருக்கும்.

ரெண்டாவது வகை, நல்லாப் புகை போட்ட, உறுதியான சாசேஜ். மெட்வூர்ஸ்ட் மாதிரி. இதுக்கு நேர்மாறா, இதை ஆரம்பத்துலயே போடணும். சின்னத் துண்டா நறுக்கி, சின்ன தீயில வறுத்தா கொழுப்பு உருகி வரும். வெங்காயம் வதக்க தனியா எண்ணெயே வேணாம். அந்தப் புகை வாசனை சூப் முழுக்க ஏறும்.

பன்றிக்கறி வேணாங்கறவங்களுக்கு சிக்கன், டர்க்கி வீனர் இருக்கு. துருக்கிக் கடையில மாட்டுக்கறியும் பூண்டும் போட்ட சுஜுக் கிடைக்கும், அது ரெண்டாவது வகைக்கு அருமையான மாற்று. சென்னையில சூப்பர்மார்க்கெட் ஃப்ரீசர்ல சிக்கன் சாசேஜ் பாக்கெட் இருக்கும். அதுல 'முழுசா வேகவெச்சது'ன்னு போட்டிருக்கா, 'பச்சை'ன்னு போட்டிருக்கான்னு படிங்க. பச்சைன்னா முதல்ல நல்லா வேக வெச்சே ஆகணும்.

ஒரு முக்கியமான விஷயம், மறைக்காம சொல்லிடறேன். 2015-ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பதப்படுத்தின இறைச்சியை முதல் பிரிவுல சேர்த்தது. சிகரெட்டும் அதே பிரிவுலதான். அதுக்காக ஒரு சாசேஜ் ஒரு சிகரெட்டுக்குச் சமம்னு அர்த்தம் இல்ல. புற்றுநோய் உண்டாக்கும்ங்கறதுக்கு ஆதாரம் எவ்வளவு உறுதியா இருக்குங்கறதைத்தான் அந்தப் பிரிவு சொல்லுது, ஆபத்து எவ்வளவு பெருசுங்கறதை இல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுதுன்னு அவங்க கணக்கு. 50 கிராம்னா ஏறக்குறைய ஒரு வீனர். அதனால இந்தச் சூப்புல பயறுதான் சாப்பாடு. சாசேஜை மசாலா மாதிரி நினைச்சுக்கோங்க. ஆளுக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஒரு தடவை.

என்னென்ன வேணும்?

நாலு பேருக்கு: பழுப்பு லென்டில்ஸ் 250 கிராம். பெரிய வெங்காயம் 1. கேரட் 2. லீக் 1. செலரி கிழங்கு ஒரு கைப்பிடி அளவு துண்டு. உருளைக்கிழங்கு 2. பிரிஞ்சி இலை 2, கிராம்பு 2. வினிகர் 2 டேபிள்ஸ்பூன். கடுகு பேஸ்ட் 1 டீஸ்பூன். மிளகு, உப்பு. வீனர் 4. புகை சாசேஜ் வேணும்னா 100 கிராம்.

ஜெர்மனி சூப்பர்மார்க்கெட்ல கேரட், லீக், செலரி கிழங்கு, பார்ஸ்லி எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி வெச்சிருப்பாங்க. ஸுப்பன்க்ரூன், 'சூப் பச்சை'ன்னு பேரு. நம்ம ஊர்ல காய் வாங்கினா கறிவேப்பிலை கொத்தமல்லி கொசுறு தருவாங்கல்ல, கிட்டத்தட்ட அந்தக் கட்டுதான், ஆனா இங்க காசு. தனியா இருக்கறவங்களுக்கு இது வரப்பிரசாதம். ஒரு கட்டு, ஒரு பானை, எதுவும் மீறாது.

சென்னையில லீக் கிடைக்கலைன்னா வெங்காயத்தாளோட வெள்ளைப் பகுதி. செலரி கிழங்குக்கு பதிலா வாசனைக்கு ஒரு செலரித் தண்டு, கெட்டிக்கு ஒரு நூக்கோல்.

எதை எப்போ போடணும்?

இந்த சூப்போட ரகசியமே வரிசைதான். நம்ம வேலையில சொல்ற டிபென்டென்சி மாதிரி. எது எதுக்கு முன்னாடி முடியணும்னு தெரிஞ்சா போதும், மீதியை அடுப்பு பாத்துக்கும்.

அடி கனமான பாத்திரத்துல புகை சாசேஜை வறுங்க. அது இல்லன்னா ரெண்டு ஸ்பூன் எண்ணெய். வெங்காயத்தைப் போட்டு ஓரம் பழுப்பாகற வரைக்கும் வதக்குங்க. கேரட், லீக், செலரி கிழங்கைப் பொடியா நறுக்கிப் போட்டு இன்னும் அஞ்சு நிமிஷம். அவசரப்படாதீங்க. அடியில பழுப்பா ஒட்டிட்டு வரும், அதான் சூப்போட ருசி. கொஞ்சம் தண்ணி ஊத்தி சுரண்டினா எல்லாம் கரைஞ்சு வந்துடும்.

கழுவின லென்டில்ஸ், பிரிஞ்சி இலை, கிராம்பு, ஒன்னேகால் லிட்டர் தண்ணி. ஊற வைக்க வேண்டியதில்ல. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு, மூடி சாய்ச்சு வெச்சு 20 நிமிஷம். அந்த 20 நிமிஷம் உங்களோடது. குளிங்க, வீட்டுக்கு போன் பண்ணுங்க.

அப்புறம் உருளைக்கிழங்கை சின்னத் துண்டாப் போட்டு இன்னொரு 15 நிமிஷம். பயறை விரலால அழுத்தினா மசியணும், ஆனா உருவம் இருக்கணும். போர்வெல் தண்ணி மாதிரி உப்புத் தண்ணியில வெச்சா நேரம் ஜாஸ்தி ஆகும். அதுல இருக்கற கால்சியம் பயறோட தோலை இறுக்கிடும். குடிக்கற தண்ணியில வைங்க.

இப்போ ரெண்டு கரண்டி பயறை எடுத்து மசிச்சு திரும்ப ஊத்துங்க. மாவு எதுவும் வேணாம், அதுவே கெட்டியாக்கிடும்.

அடுப்பை அணைங்க. அணைச்ச பிறகுதான் வினிகர், கடுகு பேஸ்ட், மிளகு. ஏன் கடைசியில? பயறு, காய் செல்லையெல்லாம் ஒட்டி வெச்சிருக்கற பெக்டின் புளிப்புல சீக்கிரம் கரையாது. முன்னாடியே வினிகர் ஊத்தினா எவ்வளவு நேரம் கொதிச்சாலும் உருளைக்கிழங்கு நறுக்கு நறுக்குன்னு இருக்கும். புளி ஊத்திட்டா காய் வேக நேரமாகும்னு வீட்ல சொல்லுவாங்கல்ல, அதே விஷயம்தான். ஆனா வினிகரை விட்டுடாதீங்க. பயறு மண் வாசனையோட மந்தமா இருக்கும். அந்த ரெண்டு ஸ்பூன் புளிப்பு அதை எழுப்பி உக்கார வெச்சுடும். ஸ்வாபியா ஆளுங்க வினிகர் பாட்டிலை மேசையிலயே வெச்சுப்பாங்க.

கடைசியா வீனரை முழுசா உள்ள அமுக்கி மூடி போட்டு எட்டு நிமிஷம். அணைச்ச அடுப்புதான். அந்தச் சூடு போதும். அதுக்கப்புறம்தான் உப்பு பாருங்க, சாசேஜ்லேர்ந்து உப்பு இறங்கியிருக்கும்.

மீதிப் பங்கை என்ன பண்றது?

நாளைக்கு வெச்சுக்கறதுன்னா, சாசேஜை அன்னன்னிக்குத் தேவையானதை மட்டும் சூடு பண்ணுங்க. பானையிலயே ஊற விடாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூணு நாள் தாராளமா இருக்கும். ரெண்டாவது நாள் ருசி இன்னும் கூடும். ஃப்ரீசருக்குன்னா உருளைக்கிழங்கு இல்லாத பங்கை எடுத்து வைங்க, அது உறைஞ்சு உருகினா நொறநொறன்னு ஆயிடும்.

இப்போ மனசுல வெச்சுக்கச் சொன்ன விஷயத்துக்கு வரேன். நான் புதன்கிழமை இதை வைக்கறேன். டீம்ல மூணு பேர் வருவாங்க. ஒருத்தர் சிரியாலேர்ந்து வந்தவர், பன்றிக்கறி தொடமாட்டார். ஒருத்தங்க சைவம். ஒருத்தர் இந்த ஊர்க்காரர், அவருக்கு சாசேஜ் இல்லாத பயறு பயறே இல்ல. நாலு பேருக்கு நாலு சமையலா? வேணாம். அன்னிக்கு அடியில புகை சாசேஜைப் போடாம, எண்ணெயில வெங்காயத்தோட ஒரு ஸ்பூன் புகை போட்ட மிளகாய்த்தூள் சேர்த்துடறேன். வீனர்களைத் தனிச் சட்டியில வெந்நீர்ல சூடு பண்றேன். சிக்கன் வீனருக்கு இன்னொரு சட்டி. பானையில இருக்கற பயறு எல்லாருக்கும் பொது. மேல என்ன வைக்கணும்ங்கறது அவங்கவங்க இஷ்டம்.

வெளிநாட்டுல இருக்கற பல பேருக்கு, ஏன், சென்னையிலயே ஓஎம்ஆர் ஃபிளாட்ல தனியா இருக்கறவங்களுக்கும், சமைக்கற நேரம் பெரிய பிரச்சினை இல்ல. சாப்பிடும்போது எதிர்ல ஒரு ஆள் இல்லாததுதான் பிரச்சினை. போனை நிமித்தி வெச்சு ஏதோ ஒரு சீரிஸைப் பாத்துட்டே முழுங்கறோம். ஒரு ஆளை வீட்டுக்குக் கூப்பிடறதுக்கு பிரியாணி செய்யணும், வீட்டைத் துடைக்கணும்னு நினைச்சு நினைச்சே மாசக்கணக்கா கூப்பிடாம இருக்கோம். இந்தப் பானைக்கு அந்தக் கவலை இல்ல. விருந்துன்னு யாரும் இதைச் சொல்லமாட்டாங்க. அதனாலதான் கூப்பிட சுலபம். "சூப் ஜாஸ்தியா வெச்சுட்டேன், வரியா?"ன்னு மெசேஜ் போட்டாப் போதும். பொய்யும் இல்ல, பானை உண்மையிலயே பெருசுதான்.

இந்த வாரம் ஒரு பானை வைங்க. பக்கத்து டெஸ்க்கோ, பக்கத்து ஃபிளாட்டோ, ஒரே ஒருத்தரைக் கூப்பிடுங்க. யார் வந்தாங்க, என்ன மாத்திப் போட்டீங்கன்னு எழுதுங்க. குறிப்பா சுஜுக் போட்டுப் பாத்தவங்க கண்டிப்பா சொல்லணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க.